கோடு இல்லாத நெற்றி

வாயில் வைத்த காப்பி வாய்க்குள் நிற்கவில்லை. இடது உதட்டோரமாய் வழிந்து, தாடையில் இறங்கி முந்தானையில் சொட்டியது. உதட்டை இறுக்கமாகத்தான் மூடியிருந்தாள் கமலவேணி, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். விரலால் தொட்டுப் பார்த்தபோது ஓரம் திறந்து கிடந்தது. அவசரமாய்த் துடைத்துக்கொண்டு கூடத்தை எட்டிப் பார்த்தாள். நல்லவேளை, வீட்டுக்காரர் வாசலில் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்தால் அறுபதாம் கல்யாணம். பாகூர் ஏரிப் பாசனத்தில் கரும்பும் நெல்லுமாய்ப் பயிர் வைத்திருக்கும் பலராமனுக்கு அறுபது முடிகிறது. வீட்டு வாசலிலேயே பந்தல், இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை, காலையிலிருந்தே காதைப் பிய்க்கும் மைக்செட். கறிவேப்பிலை வாசனையும் சாணம் தெளித்த ஈர வாசனையும் புதுப் பந்தல் துணியின் நெடியும் ஒன்றாய்க் கலந்து அடுக்களை வரைக்கும் வந்தன.  

அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. திங்கட்கிழமை அவளுக்கு முகத்தில் ஊசி போட்டிருந்தார்கள்.

பத்திரிகையில் அச்சடிக்க எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு பலராமன் சொன்னதில் தொடங்கியது அது. "மேடைல எங்கம்மாவ பக்கத்துல உக்கார வச்ச மாரி இருக்கும்டி. இன்னா மூஞ்சி இது, எழவு வூட்டு மூஞ்சி." புருவங்களுக்கு நடுவே இரண்டு ஆழமான கோடுகள், நெற்றியில் வரிவரியாய்ச் சுருக்கம். அத்தனையும் இந்த வீட்டில் சம்பாதித்தவை. அவர் கை ஓங்கும்போதெல்லாம் அந்த நெற்றி சுருங்கும்; நன்றாகச் சுருங்கி உதடு கோணிய பிறகுதான் அவர் அடிப்பதை நிறுத்துவார். கல்யாணமான நாளாய் அதுதான் கணக்கு. போட்ட கோடுகளை அழிக்கவும் அவரே கிளம்பிவிட்டார்.

வில்லியனூர் கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள் உஷாராணி. கூரியரில் வரவழைத்த சின்ன மருந்துப் புட்டி. நெற்றியிலும் புருவ நடுவிலும் கடைக்கண்ணிலும் குத்தி முடித்துவிட்டு அவள் சொன்னாள். "இது சதைய அசையாம புடிச்சி வைக்கிற மருந்துக்கா. கோடு மறைய நாலு நாள் ஆவும். இன்னிக்கி மட்டும் மூஞ்சிய தேய்க்கவே கூடாது. தேச்சா மருந்து எறங்கி வேற எடத்துக்குப் பூடும்."

அன்று சாயங்காலம்தான் நலங்கு.

சுமங்கலிகள் சுற்றி உட்கார்ந்து மஞ்சளும் சந்தனமும் நலங்கு மாவும் குழைத்து முகத்தில் பூசித் தேய்த்தார்கள். மறுபடி மணப்பெண் ஆகிறாளே என்ற சந்தோஷத்தில் ஆளுக்கு ஒரு கை கூடவே தேய்த்தார்கள். நாத்தனார் தையலம்மாள் கட்டைவிரலால் நெற்றியை அழுத்தி, கன்னம் வழியாய்த் தாடைக்கும், தாடையிலிருந்து கழுத்துக்கும் இழுத்து இழுத்து உருவிவிட்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிரே நாற்காலியில் பலராமன் உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட சேதி வெளியே போனால் நாக்கை அறுத்துவிடுவதாக வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை அவளை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. நாலு நாள் ஆகும் என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. காலையில் அடித்த மருந்துக்குச் சாயங்காலம் பூச்சி விழவில்லை என்றால் மறுநாள் இரண்டு பங்கு கலந்து அடிக்கிற மனிதர். மறுபடியும் வில்லியனூர். உஷாராணி கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கேட்கவில்லை. கமலவேணியின் கொண்டையைப் பின்னாலிருந்து கொத்தாய்ப் பிடித்து, தலையை நாற்காலியின் முதுகோடு அழுத்திக்கொண்டு சொன்னார். "புட்டிய முழுசா ஏத்து. இன்னொன்னு இருந்தா அதையும் ஏத்து."

ஏற்றினாள்.

புதன்கிழமை கோடு போய்விட்டது. நெற்றி தேய்த்து வைத்த தாம்பாளம் போல வழவழவென்று ஆகிவிட்டது. பலராமன் கட்டைவிரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார். இன்று வியாழக்கிழமை. காப்பி வழிகிறது.

காப்பியோடு நிற்கவில்லை. பந்தலின் சீரியல் விளக்குகள் இரண்டிரண்டாய்த் தெரிந்தன. வாசலில் இரண்டு ஆட்டோக்கள் வந்து நின்றன, இரண்டிலிருந்தும் வெண்ணிலா இறங்கினாள். கண்ணை இடுக்கிப் பார்க்கலாம் என்றால் இமை இடுங்கவில்லை. அது பாட்டுக்குப் பாதியில் தொங்கியது. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோதுதான் இரண்டும் ஒன்றானது.

வெண்ணிலா சென்னையில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் அம்மாவின் நெற்றியைத்தான் பார்ப்பாள். அது சுருங்கியிருந்தால் அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். பையைக்கூட இறக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். கமலவேணி வாயைத் திறந்து எதையும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை.

இப்போதும் மகள் அந்த நெற்றியைத்தான் பார்த்தாள்.

"ம்மா! இன்னாம்மா இது, ஒரு கவல இல்லாத மூஞ்சி! அப்பா திருந்திட்டாரா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் கமலவேணி. நாக்கு புரளவில்லை. "வெ… ஆ…" என்று மூக்கால் ஒரு சத்தம் வந்தது. மகளுக்குக் கண் கலங்கியது. "அழாதம்மா. சந்தோசமா இரு" என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கமலவேணி சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நெல் மூட்டைகளும் உர மூட்டைகளும் அடுக்கிய அறை. யூரியா நெடி அடித்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கப் பார்த்தாள், விழுங்க முடியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து உஷாராணியைக் கூப்பிட்டாள்.

"யா… க்க…ல… உழு…"



"அக்கா, முழுங்க முடியலயா? ஐயோ. எறங்கிடுச்சிக்கா. தேய்க்க வேணான்னு சொன்னனே. அது கழுத்துக்கு வந்துடுச்சி, அப்புறம் மூச்ச புடிச்சிடும். ஒடனே பிள்ளையார்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க. இன்னிக்கே போனா பொழச்சிக்கலாம். எம் பேர மட்டும் சொல்லிடாதீங்கக்கா…"

போன் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பின்னால் பலராமன் நின்றுகொண்டிருந்தார். அத்தனையும் கேட்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கா? பந்தல் போட்டு, ஊரக் கூட்டி, ஆஸ்பத்திரிக்கா?"

கும்பிட்டாள். கையைத் தொண்டைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் விலாவில் குத்தினார்.

வெளியே தெரியாத இடத்தில் அடிப்பதில் அவர் கெட்டிக்காரர். வலி முதுகு வரைக்கும் பாய்ந்தது. கமலவேணியின் உடம்பு முழுக்கக் கத்தியது, ஆனால் முகம் கத்தவில்லை. நெற்றி சுருங்கவில்லை, உதடு கோணவில்லை. அவர் குனிந்து அவள் முகத்தைத் தேடினார். எப்போதும் அங்கே தெரிவது தெரியவில்லை. மறுபடி குத்தினார். பார்த்தார். ஒன்றுமில்லை. மூட்டை தைக்கும் கோணி ஊசி சுவரில் செருகியிருந்தது. அதை உருவி அவள் தொடையில் குத்தி இழுத்தார். புடவைக்குள் சூடாய் ரத்தம் இறங்கியது. அந்த முகம் சாமி படத்து முகமாய் அப்படியே இருந்தது.

"வலிக்கலியாடி?"

வலித்தது. வலித்தது. வலித்தது. அதைச் சொல்ல அவளிடம் எதுவும் மிச்சமில்லை. மைக்செட் நாதஸ்வரத்தில் எலும்பில் விழுகிற அடியின் சத்தம் அமுங்கிப்போனது. கடைசியில் களைத்துப்போய் நிறுத்தினார். மூச்சிரைக்க அவள் தாடையைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"அடிச்சாக்கூட அழகாத்தான்டி இருக்க" என்றார். அந்தக் குரலில் இருந்த ஆசை அவளை அடியைவிட அதிகமாய்ப் பயமுறுத்தியது.

கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நாளைக்குத் தாலி ஏர்ற வரைக்கும் கமலவேணி மௌன விரதம். பச்சத் தண்ணி பல்லுல படாது. எனக்காக வேண்டிக்கிட்டு இருக்கா. யாரும் பேச்சுக் குடுக்காதீங்க."

பெண்கள் உருகிப்போனார்கள். இந்தக் காலத்தில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று தையலம்மாள் மூக்கைச் சிந்தினாள். கமலவேணி அவள் கையைப் பிடித்து, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "காயுதா கமலா? ஒரு ராத்திரிதான, பொறுத்துக்க. விரதத்த முறிச்சா என் தம்பிக்கு ஆவாது" என்று அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தாள். அந்தக் கை மறுபடி எழும்பவில்லை.

இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். படுத்தால் எச்சில் மூச்சுக்குள் இறங்கியது. கதவைச் சாத்தி, கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருந்தார் அவர். ஒவ்வொரு மூச்சையும் தேடிப்பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. நேற்று வரைக்கும் மூச்சு தானாக வந்துபோனது நினைவுக்கு வந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. கண்ணீர் மட்டும் வந்தது.

காலையில் தூக்கி நிறுத்திச் சீவி, கொண்டை போட்டு, பட்டுப் புடவை கட்டினார்கள். கணுக்காலில் வழிந்து காய்ந்த ரத்தத்தைக் குங்குமச் சாயம் என்று நினைத்து ஒருத்தி துடைத்துவிட்டாள். கால் தள்ளாடியதைப் பட்டினி என்றார்கள். கண் பாதி மூடியிருந்ததைப் பக்தி என்றார்கள்.

மணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஹோமப் புகை. நெய் வாசனை. கருகும் சமித்து. புகை அவள் கண்ணில் நேராய் இறங்கியது. இமை மூட முடியவில்லை.

தாலி கட்டுவதற்கு முன்னால் கலச நீர் ஊற்ற வேண்டும். இரண்டு பேர் தலைக்கு மேலே சல்லடையைப் பிடித்தார்கள். சொந்தபந்தமெல்லாம் கையில் ஆளுக்கொரு செம்புடன் வரிசையில் நின்றார்கள். வரிசை பந்தலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது.

முதல் செம்பு. மஞ்சளும் மாவிலையும் மணக்கும் குளிர்ந்த தண்ணீர். உச்சியில் விழுந்து, நெற்றியில் தடங்கல் எதுவும் இல்லாமல் வழுக்கி, மூக்கில் இறங்கியது. திறந்த வாய்க்குள் போனது. துப்ப வேண்டும். துப்ப முடியவில்லை. இருமல் நெஞ்சுக்குள்ளேயே புரண்டு செத்தது.

இரண்டாவது செம்பு.

தலை முன்னால் சாய்ந்தது. சாய்ந்ததும் வாயிலிருந்த தண்ணீர் கொட்டியது. ஒரு மூச்சு கிடைத்தது. இப்படியே குனிந்திருந்தால் போதும். குனிந்தே இருந்தால் பிழைத்துவிடலாம்.

"ஐயா, அம்மா மொகம் தெரியலயே" என்றான் வீடியோ எடுக்கும் பையன்.

பின்னால், மாலைக்கு அடியில், பலராமனின் கை வந்தது. கொண்டையைக் கொத்தாய்ப் பிடித்தது. தலையை நிமிர்த்தி, வானம் பார்க்கத் தூக்கியது.

"நிமுந்து உக்காருடி."

மூன்றாவது. நான்காவது. யாரோ ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கி ஊற்ற வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தொண்டை நிரம்பியது. நெஞ்சு எரிந்தது. உள்ளே நெருப்பு. வெளியே தண்ணீர்.

வெண்ணிலா வந்தாள். கையில் வெள்ளிச் செம்பு. குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். சின்ன வயதில் பார்ப்பது போல நெற்றியைப் பார்த்தாள்.

பாரு. பாருடி. என் கண்ணே, நல்லா பாரு.

நெற்றி வழவழவென்று இருந்தது. ஒரு கோடு இல்லை.

வெண்ணிலா நிம்மதியாய்ச் சிரித்தாள். "நல்லா இரும்மா" என்று சொல்லிச் செம்பைச் சாய்த்தாள். பொறுமையாய், அன்பாய், கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள்.

மூச்சு வரவில்லை. தேடினாள். இல்லை. நாதஸ்வரம் தூரப் போனது. புகை வாசனை போனது. கொண்டையில் இருந்த அந்தக் கை மட்டும் இருந்தது. அது சட்டென்று அசைவதை நிறுத்தியது. தலையின் பாரம் மாறியதை அந்தக் கை உணர்ந்துவிட்டது. பலராமனின் முகம் அவள் பக்கம் திரும்பியது. பாதி திறந்த அவள் கண்ணுக்குள் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

விரல்கள் இறுகின. தலையைக் கொஞ்சம் இடது பக்கம், கேமரா இருந்த பக்கம் திருப்பி வைத்தன.

"சூப்பர் ஐயா. அம்மா அப்டியே இருங்க, அசையாதீங்க."

அடுத்தவர் செம்போடு முன்னால் வந்தார். வரிசை இன்னும் தெருவில் நின்றுகொண்டிருந்தது.