சின்னப்பாப்பா பிள்ளையைத் தள்ளவில்லை

மத்தியானம் பன்னிரண்டு மணி அடித்தால் புதுச்சேரி கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் அது. மூன்றரை மணி வரை கடையும் திறக்காது, ஆபீசும் திறக்காது. மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் கடற்கரை வெயிலில் நின்று திருதிருவென்று விழிப்பார்கள். அந்த வேளையில் அவர்களுக்குப் போக்கிடம் நான்தான்.

என் பெயர் காத்தவராயன். நூல் ஆலையில் வேலை போன பிறகு வாயை வைத்துப் பிழைத்தவன். வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு பழைய கல்லறைத் தோட்டம், மூடிக் கிடக்கும் பங்களாக்கள், எரியாத கலங்கரை விளக்கம் என்று காட்டிக்கொண்டே போய்க் கடைசியில் மஞ்சள் வீட்டில் நிறுத்துவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது சித்திரையில் ஒரு நாள், பதினோரு பேருடன் அப்படித்தான் அந்த வீட்டு வாசலுக்கு வந்தேன்.

வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலுக்கு இரண்டு தெரு முன்னால் இருக்கிறது அந்த வீடு. சொந்தக்காரர்கள் பாரீசுக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. காவல்காரர் கன்னியப்பன் எனக்கு வேண்டியவர். அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கதவைத் திறந்து விட்டுப் போவார். உள்ளே நுழைந்ததும் தெருவின் சூடு முதுகுக்குப் பின்னால் நின்றுவிடும். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்களில் ஈரம் ஏறியிருக்கும். வௌவால் எச்சத்தின் நெடி. அதைத் தாண்டினால் முற்றம், முற்றத்தின் நடுவே துருப்பிடித்த ராட்டினத்தோடு ஒரு கிணறு. தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கும் அந்த ஒரு வேளையில்தான் கிணற்றுத் தண்ணீரில் வெளிச்சம் விழும். மற்ற நேரத்தில் எட்டிப் பார்த்தால் இருட்டு மட்டும்தான்.

கன்னியப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வரிதான். வெள்ளைக்காரன் காலத்தில் சின்னப்பாப்பா என்ற வேலைக்காரப் பெண் இந்தக் கிணற்றில் செத்துப்போனாள். மீதியெல்லாம் என் கைவரிசை. முதலில் பாவப்பட்ட பெண் என்றுதான் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு இளநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பாவப்பட்டவளுக்கு யார் பயப்படுவார்கள்? அதனால் அவளைக் கொலைகாரி ஆக்கினேன். துரை வீட்டு மூன்று வயதுக் குழந்தையைக் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதித்தாள் என்றேன். இன்றைக்கும் உச்சிவேளையில் கிணற்றடிக்கு வரும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள் என்றேன். பெண்கள் தங்கள் குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

கடைசியில் ஒரு சத்தியம் செய்வேன். அது இல்லாமல் கதை எடுபடாது. கிணற்றுச் சுவரில் ஓங்கி அடித்து, "எம் பொண்ணு ஆதிலட்சுமி தலையில அடிச்சி சொல்றேன், இது நெசம்" என்பேன். அப்பனாகப் பிறந்தவன் பிள்ளை பெயரைச் சொல்லிப் பொய்ச் சத்தியம் செய்யமாட்டான் என்பது ஜனங்களின் நம்பிக்கை. ஐந்து வருடமாக, வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, ஒரே மகளின் தலையில் அடித்துப் பொய் சொன்னேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் சாக்பீஸால் தரையெல்லாம் கிறுக்கிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்குக் கதை முடிந்து கூட்டம் வெளியேறும்போது வாசலில் ஒரு மீன்காரம்மா காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் கன்னியம்மாள், ஊர் பிள்ளைச்சாவடி. உள்ளே நான் சொன்னது முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"இந்த வூட்டுல புள்ளயே கெடையாதுப்பா," என்றாள். "சின்னப்பாப்பா எங்க அக்கா."

எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. செத்துப்போனவர்களுக்கு இதில் என்ன குறைந்துவிடும், நாலு பேர் வாயில் பெயர் இருக்கிறதே என்று சிரித்தேன். அவள் சண்டை போடவில்லை. கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"அவ கேட்டுக்கினுதான் இருக்கறா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டில் ராட்டினம் உருளும் சத்தம் கேட்டது.

எங்கள் சந்தில் கிணறு கிடையாது. தெருக்குழாய்தான். ஆனாலும் துருப்பிடித்த ராட்டினம் மெதுவாகச் சுற்றும் கிரீச்சொலி, சமையல் மூலையிலிருந்து தெளிவாகக் கேட்டது. யாரோ நிதானமாகத் தண்ணீர் சேந்துகிற மாதிரி. என் மனைவி கமலவேணி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் எலி என்றேன்.

மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

பிறகு வாசனை. சனிக்கிழமை சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையின் தலைமுடியில் பாசி வாசனை அடித்தது. பழைய கிணற்றின் அடிப்பாசி. இரண்டாம் தடவை தேய்த்துக் குளிப்பாட்டினாள் கமலவேணி. வாசனை கூடியதே தவிரக் குறையவில்லை. சாம்பிராணி போட்டோம். புகைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஆதிலட்சுமி கதவு மூலையைப் பார்த்துச் சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று கேட்டேன்.

"கெணத்து அக்கா, அப்பா. வா வான்றாங்க."

அவளை நான் ஒருநாளும் அந்த வீட்டுக்கு அழைத்துப் போனதில்லை. கிணற்றுக் கதையை வீட்டில் வாய் திறந்ததும் இல்லை.

பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். நான் சொன்னபடியே அவள் செய்ய ஆரம்பித்துவிட்டாள். வெளியூர்க்காரர்களை அழைத்துப் போவதை அன்றே நிறுத்தினேன். அதனால் ஒன்றும் நிற்கவில்லை. பத்தாம் நாள் உச்சிவேளையில் பிள்ளையைக் காணோம். தேடி ஓடியபோது வாய்க்கால் பாலத்தின் மேல், கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு கிழக்கே நடந்துகொண்டிருந்தாள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. அவள் அழவே இல்லை.

கமலவேணியிடம் அப்போதுதான் சத்தியத்தைப் பற்றியும் அந்த மீன்காரம்மா வந்ததைப் பற்றியும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, போய் அந்தம்மா காலில் விழு என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளைச்சாவடியில் கன்னியம்மாள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நிஜமாகவே காலில் விழுந்தேன். அவள் எழுந்திரு என்று சொல்லாமலே நடந்ததைச் சொன்னாள். அந்த வீட்டுத் துரை அக்காவைக் கெடுத்தான். மூன்று மாதம் ஆனதும் ஒரு மத்தியானம் ஊரெல்லாம் தூங்கும்போது கிணற்றில் தள்ளினான். தவறி விழுந்தாள் என்று எழுதிக்கொண்டார்கள். அவன் கப்பலேறிப் போய்க் கிழவனாகிக் கட்டிலில் செத்தான்.

"வயித்துப் புள்ளயோட போனவளப் போயி, புள்ளயக் கொன்னவளுன்னு சொன்னியே," என்றாள். "தள்ளினவன் மேலகூட அவளுக்கு இவ்ளோ கோவம் இருக்காது."

நான் அழுதேன். என்ன செய்தால் விடுவாள் என்று கேட்டேன். அவள் கடைசிக் கருவாட்டையும் திருப்பிப் போட்டாள். பிறகு ஒரு வழி சொன்னாள். பொய் சொன்ன இடத்தில், பொய் சொன்ன வேளையில், கூட்டத்துக்கு முன்னால், பிள்ளையின் தலையில் கை வைத்து உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்துக் கையை எடுக்கும்வரை பொய் ஒரு சொல்கூட வரக்கூடாது. எனக்கு அது சுலபமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பேர் கொண்ட கூட்டத்தைச் சேர்த்தேன். கன்னியப்பன் கதவைத் திறந்துவிட்டார். கமலவேணி கிணற்றடிக்கு வரவில்லை. வாசல்நடையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆதிலட்சுமியைக் கிணற்றுக்கு நான்கடி தள்ளி நிறுத்தி, தலையில் வலது கையை வைத்துக்கொண்டேன். முடி வெயிலில் காய்ந்திருந்தது. ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே ஈரம் ஊறிக்கொண்டே இருந்தது, காதில் அந்த ராட்டினச் சத்தமும் விடவில்லை.

சொன்னேன். சின்னப்பாப்பா யாரையும் தள்ளவில்லை, அவளைத்தான் தள்ளினார்கள், அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருந்தது, இத்தனை நாள் நான் சொன்னது பொய். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல ராட்டினச் சத்தம் குறைந்து நின்றது. பாசி வாசனை போய்விட்டது. ஆதிலட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்து, அப்பா கால் வலிக்குது என்றாள். கால் கொப்பளித்த நாளிலிருந்து முதல் தடவையாக வலிக்கிறது என்றாள்.

எனக்கு உயிர் வந்தது.

கூட்டத்துக்குத்தான் திருப்தியில்லை. இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட தடித்த மனிதர் ஒருவர், போன மாதம் வந்த மைத்துனன் வேறு மாதிரி சொன்னானே என்று சலித்துக்கொண்டார். இதற்கா இந்த வெயிலில் இழுத்து வந்தாய் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"அப்ப, புள்ளைங்களக் கூப்பிடும்னு சொன்னாங்களே, அது கூடவா இல்ல?" என்று கேட்டார்.

"கூப்பிடும் சார்," என்றேன்.

ஐந்து வருடப் பழக்கம். கூட்டம் சலித்தால் தானாக வாயில் வருகிற பழைய பொய். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கை இன்னும் பிள்ளையின் தலையில்தான் இருந்தது.

ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றியது.

அதில் கயிறே கிடையாது.

"இதோ வர்றேன்க்கா," என்றாள் ஆதிலட்சுமி. என் கைக்குக் கீழிருந்து நழுவி ஓடினாள். புண்ணான காலோடு அத்தனை வேகமாக எப்படி ஓடினாள் என்று எனக்குத் தெரியவில்லை. சுவர் மேல் ஏறி நின்றுவிட்டாள். நான் பாய்ந்தேன். இரண்டு கைகளையும் நீட்டினேன். சட்டையின் முதுகுத் துணி என் விரலில் பட்டது. பிடிக்க விரல்களை மடக்கினேன்.

என் கைகளுக்குப் பின்னால் வேறு இரண்டு கைகள் இருந்தன.

குளிர்ந்த கைகள். என் முழங்கையிலிருந்து விரல்வரை என் கைகளோடு ஒட்டி நின்று, அழுத்தின.

வெளியே எடுத்தபோது பிள்ளைக்கு மூச்சில்லை. பன்னிரண்டு பேரும் போலீசில் ஒரே மாதிரி சொன்னார்கள். அப்பன் ஓடிப்போய்த் தள்ளினான், கண்ணால் பார்த்தோம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது அதுதான். இரண்டு வருடம் ஜெயிலில் வைத்து, காரணம் எதுவும் நிரூபிக்க முடியாமல் கோர்ட்டு என்னை விட்டுவிட்டது. ஊர் விடவில்லை. கமலவேணி ஒரே ஒரு தடவை ஜெயிலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, நீ பிடிக்கப் போனாயா, தள்ளப் போனாயா என்று கேட்டாள். பிடிக்கத்தான் என்றேன். என் மேல் சத்தியமாகச் சொல் என்றாள். சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அவள் காலாப்பட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

இப்போது வருடம் எண்பத்தாறு. மஞ்சள் வீட்டுக்கு வடிவேல் என்கிறவன் ஆட்களை அழைத்து வருகிறான். என்னைவிட நல்ல குரல். சின்னப்பாப்பாவின் பெயரை அவன் சொல்வதே இல்லை. பெற்ற மகளைக் கிணற்றில் தள்ளிய காத்தவராயன் கதைதான் ஓடுகிறது. கூட்டத்தின் கடைசியில் நின்று நானும் கேட்டிருக்கிறேன். பெண்கள் தங்கள் குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை அவனிடம் உண்மையைச் சொல்லப் போனேன். என்னை யாரென்று தெரியாமல், நேரமில்லை பெரியவரே என்று நகர்ந்துவிட்டான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். செய்ததற்கு அனுபவிக்கிறேன், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டம் போன பிறகு உள்ளேயே தங்கிவிட்டேன். கிணற்றை இப்போது கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள். உச்சி வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்து கிடந்தது. தண்ணீர் அசையவில்லை. மண்டியிட்டு வலையில் காதை வைத்தேன். என் மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று இருந்தது.

அடியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெண் குரல். அவசரமே இல்லாத, பிள்ளையைத் தூங்க வைக்கிற குரல்.

"ஒரு ஊர்ல காத்தவராயன்னு ஒருத்தன் இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு பொண்ணாம்."

"உம்," என்றது ஒரு குழந்தை.

"ஒரு நாள் மத்தியானம் அந்தப் பொண்ணக் கெணத்தாண்ட கூட்டிக்கினு வந்தானாம்."

"உம்."

நான் கத்தினேன். இல்லம்மா, அப்பா உன்னைப் பிடிக்கத்தான் வந்தேன், பிடிக்கத்தான் கையை நீட்டினேன் என்று வலையைப் பிடித்து உலுக்கிக் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அந்தக் குரல் பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"அவ முதுகுல ரெண்டு கையையும் வெச்சானாம்."

"உம்," என்றாள் ஆதிலட்சுமி.