நல்ல காலில் வலி

திங்கட்கிழமை, விளக்கு வைக்கும் நேரம்.

அடுப்பில் உலையை ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்த வீரம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். மூலையில் இருந்த தையல் மிஷினைக் காணோம். அதன்மேல் போர்த்தியிருந்த பழைய புடவைத் துண்டு மட்டும் நான்காக மடித்து ஜன்னல் கட்டையில் வைக்கப்பட்டிருந்தது.

"வாத்யாரே, மிஷின் எங்க?"

கட்டிலில் படுத்திருந்த ஐசக் வாத்தியார் மெதுவாகத் தலையைத் திருப்பினார். "அங்கதானே கீது?"

"இல்லியே! அய்யோ, இல்லியே!"

ஐசக், மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் பிலாயில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான். உத்திரமேரூர் சாலையில் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்து இடது காலை ஒடித்துக்கொண்டவருக்கு, மாவுக்கட்டைப் பிரித்து ஒரு மாதம் ஆகியும் எழுந்து நிற்க முடியவில்லை. ஊர்க்கோடி இருளர் குடிசைகளில் இருந்த வீரம்மாள்தான் காலையும் மாலையும் வந்து சோறாக்கி, தூக்கி உட்காரவைத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

மிஷன் தையல் வகுப்பில் முதலாவதாகத் தேறியதற்கு அவளுக்குக் கிடைத்த கைமிஷின் அது. குடிசை ஒழுகும் என்பதால் வாத்தியார் வீட்டில் வைத்திருந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு தையல்கடையில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். சொந்த மிஷினோடு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். நாற்று நட்டே தேய்ந்துபோன அவள் வம்சத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை யாருக்கும் கிடைத்ததில்லை.

செவ்வாய், காலை பத்து மணி. சப்-இன்ஸ்பெக்டர் கன்னியப்பன் வந்தார்.

"கதவு?"

"தெறந்துதான் கெடந்தது சார்," என்றார் ஐசக்.

"எப்ப போச்சு?"

"மத்தியானமா இருக்கும். தூங்கிக்கினு இருந்தேன்."

"சத்தம்?"

"கேக்கல."

"சரி, நீங்க இன்னா பண்ணுவீங்க பாவம், எழுந்து ஓட முடியுமா?"

ஐசக் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கன்னியப்பன் அதிகம் மூளையைக் கசக்கவில்லை. திங்கள் மத்தியானம் வீட்டின் பின்பக்கத் தோப்பு வழியாக வீரம்மாளின் தம்பி சுப்பன் தோளில் கோணிப்பையோடு போனதை ஒருவர் பார்த்திருக்கிறார். அது போதாதா? திருட்டு என்றதும் போலீஸின் கால் தானாக இருளர் குடிசைப் பக்கம் திரும்பும். அந்தக் காலத்து வழக்கம் அது.

"கோணில இன்னாடா?"

"எலி சார். வரப்புல புடிச்சது."

"எங்க அந்த எலி?"

"துன்னுட்டோம் சார்."

சாட்சியத்தைத் தின்றுவிட்டவனை எந்த இன்ஸ்பெக்டர்தான் நம்புவார்? சுப்பன் லாக்கப்புக்குப் போனான். வியாழக்கிழமை காலை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதாக ஏற்பாடு.

புதன், காலை எட்டு மணி. ஐசக்கின் காலைப் பார்க்க டாக்டர் சுலோச்சனா வாரம் தவறாமல் வருகிற நாள். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தாள். நாற்பது வயது, தனிக்கட்டை. நோயாளிகள் போன பிறகு அவளோடு பேச ரேடியோதான் உண்டு.

நாடி பார்த்தாள். ஒடிந்த இடது காலின் தொடையை நாடாவால் அளந்தாள். புருவம் லேசாக உயர்ந்தது.

"போன தடவையைவிடச் சதை வச்சிருக்கே. சொன்ன பயிற்சி செய்யறீங்களா?"

"எங்கம்மா, அசைக்கவே முடியல."

"அப்படியா?" வலது தொடையில் கை வைத்தாள். ஐசக் பல்லைக் கடித்தார். தொடை கல்லாக இறுகிக் கிடந்தது.

"இது நல்ல கால்தானே, இதுல எப்படி வலி?"

"பொரண்டு படுத்துட்டேன் போல."

"எப்போலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து."

"ஒன்னுக்கு எங்கே? பரிசோதிக்கணும்."

"கொட்டியாச்சு," என்றார் ஐசக் அவசரமாக.

"இல்ல டாக்டரம்மா," என்று வாசலில் இருந்து வீரம்மாள் சொன்னாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். மிஷின் போனதையும் தம்பி பிடிபட்டதையும் டாக்டர் வந்ததுமே சொல்லியிருந்தாள். "நீங்க பாப்பீங்கன்னு புட்டில எடுத்து வெச்சிருக்கேன். கடுங்காப்பி மாரி கீது. வாத்யாருக்கு இன்னாமோ ஆய்ப்போச்சும்மா, பயமா கீது."

தம்பி லாக்கப்பில், பிழைப்பு போன இடம் தெரியவில்லை, இருந்தும் புட்டியை மறக்கவில்லை அவள். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு, "தண்ணி நிறையக் குடிங்க, சொம்பு சொம்பா குடிங்க. விளையாட்டு இல்லை," என்று ஐசக்கிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பகல் பன்னிரண்டு. கிளினிக்.

மருந்துத் துளி பட்டதும் சிறுநீர் நீலமாக மாறியது. இரத்தம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மைக்ராஸ்கோப்பில் எத்தனை முறை பார்த்தாலும் ஒரு சிவப்பணு கூட இல்லை. இரத்தம் இல்லாத இரத்தம்!

ஆறிப்போன சோற்றைத் தனியாகச் சாப்பிடும்போது அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. படிக்கிற காலத்தில் ஒரு போலீஸ் பயிற்சிக்காரனை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். தண்டனையாக எண்ணி மாளாத தோப்புக்கரணம் போடவைத்திருந்தார்கள். மறுநாள் தொடை கல், சிறுநீர் கறுப்பு. பழக்கமில்லாத உடம்பு தாங்காத வேலையைச் செய்தால் தசை சிதைந்து, அதன் நிறம் சிறுநீரில் இறங்கும். அந்தப் பையனால் படி ஏற முடிந்தது, இறங்கத்தான் முடியவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனாள்.

"வாத்தியார் வீட்டுக்குப் பின்னால படி உள்ள இடம் ஏதாவது இருக்கா?"

கன்னியப்பன் யோசித்தார். "தோப்புல ஒரு பாழும் படிக்கிணறு கீது. ஏன்?"

"மிஷின் அதுலதான் இருக்கு. சுப்பனையும் கூட்டிக்கிட்டு வாங்க."

மாலை நான்கு மணி. கிணற்றின் அடியில் இடுப்பளவுப் பாசித் தண்ணீர். "எறங்கி எடுடா," என்றார் இன்ஸ்பெக்டர். சுப்பன் நகரவில்லை.

"நா தொடமாட்டேன் சார். தொட்டா, இடம் உனுக்கு எப்டி தெரியும்னு இன்னும் நாலு போடுவீங்க."

இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தானே இறங்கினார். மிஷின் அங்கேதான் இருந்தது.

எல்லோரும் வாத்தியார் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். தண்ணீர் சொட்டும் மிஷினைப் பார்த்ததும் வீரம்மாள் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டாள். ஐசக் யாரையும் பார்க்கவில்லை.

"யாரும்மா போட்டது?" என்றார் கன்னியப்பன்.

"ஐசக் வாத்தியார்."

"நடக்க முடியாதவரா? நல்லா இருக்கே கதை!"

"நடக்கிறார். ஆள் இல்லாத பகல்ல வீட்டுக்குள்ளேயே நடந்து பழகியிருக்கார். சும்மா கிடந்த காலில் சதை வைக்காது, இளைக்கும். இவருக்கு வச்சிருக்கு. திங்கட்கிழமை பாரத்தோட படி இறங்கியிருக்கார். அதான் தசை சிதைஞ்சு சிறுநீர் கறுத்துப்போச்சு."

"சுப்பன் ஒன்னுக்கையும் பாத்துடலாமே?"

"பார்த்துப் பயனில்லை. தினமும் மூட்டை சுமக்கிறவனுக்குத் தெளிவாத்தான் இருக்கும், அவனே திருடியிருந்தாலும். நான் பிடிச்சுக்கிட்டது அது இல்லை. வலி எந்தக் காலில்? ஒடிஞ்சது இடது, வலிக்கிறது வலது. நாம எல்லாரும் ஒடிஞ்ச காலையே பார்த்துக்கிட்டு இருந்தோம். கால் சரியில்லாதவன் படி இறங்கும்போது எந்தக் காலை முதல்ல கீழே வைப்பான்?"

கன்னியப்பன் தன் காலைப் பார்த்துக்கொண்டார். "நோவுற காலை."

"அப்போ உடம்பையும் மிஷினையும் தாங்கி மெதுவா இறக்கிவிடறது மேல்படியில நிக்கிற நல்ல கால். மேலே ஏறுறது வேறு, இப்படித் தாங்கி இறக்குறது வேறு. இதுதான் தொடையைச் சிதைக்கும். அதனாலதான் படியைத் தேடினேன். போர்த்தியிருந்த துணியையும் பாருங்க. வந்த திருடன் அதை நாலா மடிச்சு வச்சுட்டா போவான்? முப்பது வருஷம் டிரில் எடுத்தவர் மடிப்பார்."

ஐசக் எழுந்து உட்கார்ந்தார், யார் உதவியும் இல்லாமல்.

"கால் சரியானா போய்டுவேன்னு சொன்னா," என்றார். "அதனால சரியாவாம பாத்துக்கினேன். அப்புறம் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தே ஆவணும்னு கடையிலேர்ந்து ஆளு அனுப்பிட்டாங்க. அந்த நாளு தாண்டிட்டா எடுத்துக் குடுத்துடலாம்னுதான்... சுப்பன இட்டுக்கினு போவாங்கன்னு நெனைக்கல."

"இட்டுக்கினு போன பின்னாடி?" என்று கேட்டான் சுப்பன்.

"வெக்கமா இருந்தது. சொல்லிட்டா அவ இனிமே வரமாட்டாளே."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர்மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தக் காலி வீடும் நன்றாகப் புரிந்தது. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது.

"கம்ப்ளெயிண்ட் எழுதிக்கவா?" என்றார் கன்னியப்பன்.

வீரம்மாள் தம்பியின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். "மிஷினுக்குக் கேஸு வேணாம் சார். எந்தம்பி வாங்கின ஒதைக்கு யார் மேல எய்துவீங்க?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று மாலை அக்காவும் தம்பியும் மிஷினைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டார்கள். இருட்டுவதற்குள் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

வியாழன், காலை.

வரமாட்டாள் என்றே ஐசக் நினைத்திருந்தார். ஆனால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆக்கினாள் வீரம்மாள். தட்டில் போட்டாள். கட்டிலுக்குக் கொண்டுவரவில்லை, அடுப்படியிலேயே தரையில் வைத்தாள்.

"வந்து துன்னுங்க வாத்யாரே."

அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டு, இடது காலை வைத்து, வலியில் முகம் சுளித்து வலது காலை இழுத்து, கூடத்தைக் கடந்தார். அவள் கை கொடுக்கவில்லை. கடைசி அடிவரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"மூணு மாசமா இதத்தான் சாமிகிட்ட கேட்டுக்கினு இருந்தேன்," என்றாள்.

பிறகு மிஷினைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ்ஸுக்குப் போனாள்.