நடுவில் வழி விட்ட வாசகசாலை

இந்தக் காலத்து ஆட்கள் மண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இடம் காலியாகக் கிடந்தால் போதும், குச்சியை நட்டுக் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். அங்கே முன்னாலேயே யாராவது இருந்தால்? அதைப் பற்றி யாருக்குக் கவலை!

அப்பாசாமிக்கு அதுதான் எரிச்சல்.

மலைமேல் அரியூர் நாட்டில் யார் வீடு கட்டினாலும் இடம் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். பொழுது சாயும்போது அந்த இடத்தின் நடுவில் ஒரு பிடி சாமையைக் குவிப்பார். அதன்மேல் புதுப் பானையைக் கவிழ்த்து, பானைமேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு வருவார். விடிந்ததும் போய்ப் பானையைத் தூக்குவார். குவியல் அப்படியே இருந்தால் கட்டலாம். இல்லையென்றால் கூடாது. அவர் கூடாது என்று சொன்ன இடத்தில் மலையாட்கள் ஒருவரும் ஒரு கல்லைக்கூடத் தூக்க மாட்டார்கள்.

சென்னியப்பன் வாத்தியார் மலைக்குக் கீழே இருந்து வந்தவர். அவருக்கு இதெல்லாம் புதுசு.

"எல்லாருக்கும் பொதுவா ஒரு வாசகசாலை கட்டணுங்க பெரியவரே. யார் வேணும்னாலும் வந்து படிக்கலாம். காசு வேண்டாமுங்க" என்றார்.

"காசு வாங்காம எவன் எதைக் குடுப்பான்?" என்றார் அப்பாசாமி. "வெள்ளைக்காரன் வரி போடறதும் பொஸ்தகத்தைப் பாத்துத்தானுங்களே. எனக்கு எந்தப் பொஸ்தகத்து மேலயும் நம்பிக்கை இல்லீங்க."

அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி கண்ணாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கீழ்நாட்டுக்காரர்கள் சிலர் கொடுத்த புத்தகங்கள், தலைச்சுமையாக மலையேறி வந்து, பள்ளிக்கூடக் கொட்டகையில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தன. கொட்டகை ஒழுகும். அதனால் வாத்தியார் சந்தை நாளில் மட்டும் கொஞ்ச நேரம் பெட்டியைத் திறப்பார். மழைக்கு முன் வாசகசாலைக்குக் கூரை போடாவிட்டால் பெட்டி கீழே திரும்பிவிடும். அப்படித்தான் பேச்சு.

கண்ணாயி பாதியில் விட்ட கப்பல் கதை அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அதுதான் அவள் கவலை.

"கப்பல் பாறையில மோதிருச்சுங்க அப்புச்சி. அந்தப் புள்ள தண்ணிக்குள்ள விழுந்துட்டா. அவ கரை சேந்தாளா இல்லையான்னே எனக்குத் தெரியல. அதுக்குள்ள வாத்தியாரு பெட்டியை மூடிட்டாரு!"

"சேந்தா என்ன, சேராட்டி என்ன? உங்க அத்தையா, சித்தியா?" என்றார் அப்பாசாமி. ஆனாலும் சாமையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அக்கம்பக்கத்து மூன்று ஊருக்கும் நடுவில் ஒரு புல்வெளி இருந்தது. சமதரை என்றால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சரிவு, இல்லாவிட்டால் நெல் வயல்.

முதலில் அதன் ஓரத்தில் இருந்த சுனைக்குப் பக்கத்தில் வைத்தார். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரே மூடுபனி. பானை வைத்தபடி இருந்தது. கல்லும் வைத்தபடி இருந்தது. தூக்கினால் உள்ளே ஒரு மணிகூட இல்லை. தரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

அடுத்து புல்வெளி நடுவில் வைத்தார். அதேதான்.

மூன்றாவதாகப் பலாமரத்தடியில் வைத்தார். அன்று காலை ஒரு குருவிகூடக் கத்தவில்லை. அப்பாசாமி பானையைத் தூக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"எறும்பா இருக்குமுங்க" என்றார் வாத்தியார்.

"எறும்புன்னா உமி எங்கீங்க? சாமையை உமியோட முழுங்கற எறும்பு உங்க ஊர்ல இருக்குதுங்களா?"

வாத்தியார் குனிந்து வெறுந்தரையைத் தடவிப் பார்த்தார். "அப்பப் பெட்டியைக் கீழே அனுப்பிட வேண்டியதுதான்" என்றார்.

கண்ணாயி அழவில்லை. பக்கத்தில் இருந்த உயரமான பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பனி மெல்ல விலகியது.

"அப்புச்சி!" என்று திடீரெனக் கூப்பிட்டாள். "இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

இருவரும் மேலே ஏறினார்கள். கீழே, வைத்த இடத்திலேயே விட்டிருந்த மூன்று பானைகளும் கவிழ்ந்த தலைகள்போல ஒரே கோட்டில் இருந்தன. கோட்டின் ஒரு முனையில் யாரும் நுழையாத சாமி சோலை. மறுமுனையில் சுனை. புல்வெளி முழுக்கப் பனித்துளி வெள்ளை வெளேரென்று கிடந்தது. அந்தக் கோட்டில் மட்டும் பனி இல்லை. அங்கே பச்சையாக ஒற்றையடி அகலத்துக்கு ஒரு தடம்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சோலை ஓரத்தில் புல் சாய்ந்தது. பிறகு கொஞ்சம் தள்ளிச் சாய்ந்தது. பிறகு பலாமரத்தடியில். இலை அசையக் காற்று இல்லை. சாய்ந்த புல் நிமிர்ந்தது. அடுத்த புல் சாய்ந்தது. அப்படியே சுனை வரைக்கும் போய் நின்றது.

"பா... பாம்பா இருக்குமுங்க" என்றார் வாத்தியார்.

"பாம்புக்குப் பாதம் வெச்சு நடக்கத் தெரியுமுங்களா?" என்றார் அப்பாசாமி.

கண்ணாயிதான் முதலில் மூச்சு விட்டாள். "பாவம் அப்புச்சி. சோலையில இருக்கறவங்க தண்ணிக்குப் போறாங்க போல. நாம குறுக்க சுவரு வெச்சா எப்படிப் போவாங்க?"

அவள் சரசரவென்று இறங்கினாள். பலாமரத்துக்குப் பக்கத்தில் வாசகசாலைக்காக வாத்தியார் ஏற்கெனவே குச்சியால் கோடு கிழித்திருந்தார். சுனைப் பக்கம் ஒரு வாசல். சோலைப் பக்கம் அடைத்த சுவர். கண்ணாயி அந்தச் சுவரின் நடுவைக் காலால் அழித்தாள்.

"இங்கயும் ஒரு வாசல் வெச்சுட்டா? ரெண்டு பக்கச் சுவர் ஓரமா பொஸ்தகம் இருக்கட்டும். நாமளும் அங்கயே உக்காந்துக்கலாம். நடுவுல அவங்க போகட்டும்."

வாத்தியார் யோசித்தார். "எதிரெதிர் வாசல்... காத்தும் வெளிச்சமும் நல்லா வரும். பொஸ்தகம் பூசணம் புடிக்காது."

"சாமை என்ன சொல்லுதுன்னு பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் அப்பாசாமி.

"அப்பச் சுவரு வர்ற இடத்துல வெச்சுப் பாருங்க."

"நடுவுல வெக்கறதுதான் முறை, கண்ணு!"

"நடுவுலதான் நாம ஒண்ணுமே கட்டலையே அப்புச்சி?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே அன்று சாயங்காலம் சுவர் வரும் இடங்களில் சாமையைக் குவித்துப் பானைகளைக் கவிழ்த்தார். கண்ணாயி ஒரு பிடி சாமையைத் தேக்கிலையில் வைத்து, தடத்தின் நடுவில் பானை மூடாமல் வைத்தாள். "நடந்து வர்றவங்களுக்குப் பசிக்குமில்ல?" என்றாள்.

விடிந்தது. சுவரோரத்துக் குவியல்கள் ஒரு மணி கலையாமல் இருந்தன. நடுவில் தேக்கிலை மட்டும் காலியாக, நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அதை மடித்தது யார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மழைக்கு முன் கூரை ஏறியது. திறந்த அன்று மத்தியானம் மூன்று ஊராட்களும் சுவரோரம் நெருக்கி உட்கார்ந்தார்கள். கண்ணாயி கப்பல் கதையைச் சத்தமாகப் படித்தாள். திடீரென்று சோலைப் பக்க வாசலில் ஒரு குளிர் நுழைந்தது. எல்லாரும் காலை மடக்கிக்கொண்டார்கள். புத்தகத் தாள்கள் படபடத்தன. கண்ணாயி படித்த வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குளிர் சுனைப் பக்கம் வெளியேறியதும் விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

அப்பாசாமி மட்டும் உள்ளே வரவில்லை. சுனைப் பக்க வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"அப்புச்சி! அவ கரை சேந்துட்டா!" என்று கத்தினாள் கண்ணாயி.

"எழுதினவன் கூடவே நீந்திப் போயிப் பாத்தானாக்கும்?" என்றார் அவர்.

"சரி, தள்ளி நில்லுங்க அப்புச்சி. தண்ணி குடிச்சுட்டுத் திரும்பி வர்ற நேரம். வழியில நிக்கறீங்க!"

அப்பாசாமி ஒரே தாவாகத் தாவி ஒதுங்கினார். உள்ளே எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"பொஸ்தகமாம், வாசகசாலையாம்! ரெண்டு மழை தாங்குதான்னு பாப்போம்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் விடுவிடுவென்று நடந்தார். நடுவழியை மிதிக்காமல், சுவரோரமாகச் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.