இரவல் பச்சை

விடிந்ததும் அந்த வீதியில் வாசல் தெளிக்க வருகிறவர்கள் அக்கம்பக்கத்து வாசல் விளக்குகளை ஒரு நோட்டம் விட்டுக்கொள்வார்கள். ஐம்பது தாண்டிய ஆண் இருக்கிற வீடென்றால் கழிப்பறையில் நீர்க்கண் பொருத்தியே ஆகவேண்டும். அது காலைச் சிறுநீரைச் சோதித்து, புராஸ்டேட் சுரப்பி ஒழுங்காக இருந்தால் வாசலில் பச்சை எரியவிடும். சுரப்பி வீங்கினாலோ புற்று தலைகாட்டினாலோ மஞ்சள். சொன்னால் கேட்காத ஆம்பிளைகள் வெட்கப்பட்டாவது ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று சட்டம் போட்டவர்கள் நினைத்தார்கள். ஆம்பிளைகளைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்!

சென்னியப்பன் வீட்டில் இப்போது பச்சை. முன்பு மஞ்சள் எரிந்த சமயத்தில்தான் மகள் கல்யாணம் வந்தது. மனைவியின் தங்கை புருஷன் மகுடபதி மேடையில் மைக்கைப் பிடுங்கினான். "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க கொஞ்சம் பொறுங்க. பொண்ணோட அப்பன் மறுபடியும் பாத்ரூம் போயிட்டாருங்க. மஞ்ச வெளக்கு வூடுங்க!"

மண்டபமே சிரித்தது. அவர் திரும்பி வந்தபோது மகள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மறுவாரமே ஆஸ்பத்திரியின் கதிர்க்கூடத்தில் போய் அரை நாள் படுத்தார், வலிகூட இல்லை, புற்று கரைந்துபோனது. வன்மம் மட்டும் கரையவில்லை. பாவி, என் புள்ளை முன்னாலயா என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது.

அந்த மகுடபதிதான் ஒரு காலையில் கொல்லைப்புறமாக வந்து நின்றான். கையில் ஒரு பிளாஸ்க்.

"அண்ணா, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சே உசுரு போகுதுங்ணா. எனக்கும் அம்பது தாண்டிருச்சு, நாளைக்கு எங்க வூட்டுல நீர்க்கண் மாட்டறாங்க. உங்களது கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

நீர்க்கண்ணுக்கு ஆளை அடையாளம் பார்க்கும் உரிமை கிடையாது. அந்தரங்கச் சட்டம் அப்படி. சூடு ஆறாமல் ஊற்றினால் யாருடையதையும் நம்பிவிடும்.

அரை நாள் வேலைடா, நானே கூட்டிப்போறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சென்னியப்பன் அதை விழுங்கிவிட்டுப் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டார்.

"தெனமும் வாடா. நமக்குள்ள என்ன?"

தினமும் வந்தான். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அவருக்குக் காபி தித்தித்தது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார். பிறகு அவனால் வர முடியவில்லை. இவரே கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார். மகுடபதி பாலக்காட்டுப் பக்கம் ஒளிந்து போய்க் காட்டியபோது, புற்று எலும்பெல்லாம் பரவிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

இதற்காகத்தானே காத்திருந்தார். அன்று அவன் கட்டில் ஓரம் உட்கார்ந்து, மகுடபதியின் மனைவி சமையலறைப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து, காதருகே குனிந்தார்.

"அரை நாள்ல தீர்ற நோவுடா இது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன். என் மக முன்னால ஊரே சிரிக்க வெச்சியே, அதுக்குத்தான்."

அவன் காறித் துப்புவான், சாபம் விடுவான் என்று எதிர்பார்த்தார். மகுடபதி அவர் முகத்தைப் பார்த்தான். கண் நிறைந்தது. பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்தான். எலும்புக் கை, ஆனாலும் பிடி விடவில்லை.

"சரிங்ணா. செஞ்சது செஞ்சுட்டீங்க. வெளிய மட்டும் சொல்லீராதீங்க." மூச்சு வாங்கியது. "பாதியில வுட்றாதீங்ணா. என்னைய எடுக்கற வரைக்கும் வாசல்ல பச்சையே எரியோணும்."

திட்டியிருந்தால் சென்னியப்பன் நிம்மதியாக எழுந்து போயிருப்பார். மறுநாள் விடியலில் பிளாஸ்க்கோடு போய் ஊற்றினார். அதற்கு மறுநாளும் போனார்.