ஷஃபியுல்லாவின் இரட்டைக்குழல்

துப்பாக்கிக் குழலின் மறுமுனையில் தெரிந்த வெளிச்சம் அசைந்தது.

எதிரே வெள்ளைச் சுவர். அதில் வெயில் அசையாமல்தான் கிடந்தது. பாக்கியராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வட்டமான வெளிச்சத்தின் அடிப்பாதி, காற்று தொட்ட தண்ணீர்போல, மெல்ல நெளிந்துகொண்டிருந்தது.

கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். அந்த 2003 மழைக்காலம் முழுக்கவே சிப்காட் புகை கண்ணை எரித்துக்கொண்டிருந்தது.

கும்மிடிப்பூண்டியில் அவருடையது சின்னத் துப்பாக்கிக் கடை. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துபோனால், அவருடைய துப்பாக்கியை இங்கே கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். இதுவும் அப்படி வந்ததுதான். பழவேற்காட்டு மீன் வியாபாரி ஷஃபியுல்லா மாரடைப்பில் போய்விட்டார் என்று சொல்லி, அவர் மனைவி ஜாஹிதா போர்வையில் சுற்றி எடுத்துவந்திருந்தாள்.

"எம் புள்ள அர்ஷத் தன் பேருக்கு மாத்தித் தான்னு பேஜார் பண்றாண்ணா. அவன் கைக்கு இது போவக் கூடாது. ரொம்பப் பழசா இருந்தா மெட்ராஸ்ல யாரோ சேத்து வெக்கிறவங்க வாங்கிக்குவாங்களாமே. எந்த வருசத்துதுன்னு சொல்லுங்க, போதும்."

அதுதான் சிக்கலாக இருந்தது. செய்த இங்கிலாந்துப் பட்டறைக்கு எழுதிக் கேட்டதற்கு, பழைய கணக்குகளில் பாதி தீயில் போய்விட்டது, இந்த எண் அந்தப் பாதியில் இருந்திருக்கலாம் என்று பதில் வந்தது. இனி இரும்பைத்தான் கேட்க வேண்டும். குழலின் அடியில், சிதறும் ரவை தவிரத் தனிக் குண்டு போட்டுச் சுடக் கூடாது என்ற முத்திரை மங்கலாகத் தெரிந்தது. நூற்றிருபது வருடத்துக்கு முன்னால், வாய் குறுகிய குழல்களுக்குக் கொஞ்ச காலம் மட்டுமே குத்திய முத்திரை அது. வாய் இன்னும் குறுகியிருந்தால் குழல் அசல், வயதும் உறுதி. குடைந்து அகலமாக்கியிருந்தால் எதையும் நம்ப முடியாது.

வாயின் அகலம் பார்க்கும் அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தார். நுனி ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தபோது உப்பும் சேறும் அழுகிய பாசியும் கலந்த ஏரி வாடை, வாரக்கணக்காக இரும்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்த பொருளிலிருந்து வந்தது.

துடைத்துவிட்டு மறுபடி கண்ணில் வைத்தார். இந்தமுறை கோளாறு என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. சாம்பல் நிற நீர்ப்பரப்பு விரிந்து கிடந்தது. வெகுதூரத்தில் ஒரு படகு. அதில் ஒருவன் நின்று கழி ஊன்றிக்கொண்டிருந்தான்.

குழலைக் கீழே வைத்தார். டீ வாங்கி வரச்சொல்லிக் குடித்தார். வெளியே எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போகும் லாரிகளின் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் கை தானாகவே குழலை எடுத்தது.

படகு பக்கத்தில் வந்திருந்தது. கழி தண்ணீரில் இறங்கும் சத்தம்கூடக் கேட்டதுபோல் இருந்தது. நிற்பவனின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நிழல்.

பொழுது சாய்ந்ததும் கரண்ட் போனது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஜாஹிதாவுக்கு போன் போட்டார். துப்பாக்கி அவர்கள் வீட்டுக்கு எப்போது வந்தது என்று மட்டும் கேட்க நினைத்திருந்தார்.

அவர் வாயெடுக்குமுன் அவளே, தணிந்த குரலில் கேட்டாள்.

"படகு எவ்ளோ கிட்ட வந்துக்குதுண்ணா?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நீங்க உள்ள பாக்காமலே வருசத்தச் சொல்லிடுவீங்கன்னு இருந்துட்டேன். எங்க ஊட்டுக்காரரு தெனம் பாத்துக்கினே இருந்தாரு. கடேசி நாளு, படகு காலியா கரைல நிக்குது, ஆளக் காணோம்னாரு."

"மாரடைப்புன்னு சொன்னியேம்மா."

"வேற இன்னான்னு சொல்றது? ஊட்டு நடுவுல கெடந்தாரு. ஏரிக்குப் போயி மாசமாவுது, ஆனா சட்டையெல்லாம் ஈரம். இனிமே பாக்காதீங்கண்ணா."

போன் நின்றுபோனது.

லாரிச் சத்தம் கேட்கவில்லை. மெழுகுவத்தி அசையாமல் எரிந்தது. குழலைப் போர்வையில் சுற்றிப் பூட்டிவிட வேண்டும் என்றுதான் எடுத்தார். ஆனால் பார்க்காமல் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒருமுறை. கண்ணில் வைத்தார்.

ஏரி இல்லை. படகு இல்லை.

இருட்டு. நடுவில் ஒரு மெழுகுவத்தி.

அதன் முன்னால், முதுகைக் காட்டியபடி, ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை. நரைத்த பின்னந்தலை. கையில் நீளமாக எதையோ தூக்கிக் கண்ணருகே பிடித்திருந்தான்.

பாக்கியராஜ் மூச்சை அடக்கினார். அந்த முதுகும் அடங்கியது.

குழலை இறக்கக் கை வரவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

வட்டத்துக்குள் அந்த முதுகு, கொஞ்சம் கொஞ்சமாக, பெரிதாகிக்கொண்டிருந்தது.