பூட்டிய அறையில் லாவெண்டர்

பூட்டுக்காரர் செய்தித்தாள் பொட்டலத்தைத் துப்பறிவாளரின் மேசைமேல் பிரித்து வைத்தார். வேரோடு பிடுங்கிய செடி ஒன்று உள்ளே கிடந்தது. இலைகள் சாம்பலாகத் தொங்கின. கறுத்திருந்த வேர், விரல் பட்டதும் குழைந்தது.

"லாவெண்டர். தவறிப்போன என் சம்சாரம் வச்சது. ஜன்னல் தொட்டியில நாலு இருந்துச்சு சார், இப்ப ஒண்ணுதான் மிச்சம். யாரோ விஷம் ஊத்துறாங்க."

"யார்மேல சந்தேகம்?"

"பெத்த பொண்ணுமேல." அவர் தரையைப் பார்த்தார். "வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். அம்மா ரூமைத் திறந்து காத்து விடணும்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. பூட்டிட்டேன். அந்தக் கோபம். நாளைக்குக் காலையில பெட்டியைக் கட்டிட்டுக் கிளம்புன்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணுதான் பிடிபடல. எப்படி உள்ள போறா?"

சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை இழுத்துக் காட்டினார். அதில் ஒரே ஒரு சாவி. பூட்டு அவரே செய்தது. தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

"தண்ணி யார் ஊத்துறது?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை மட்டும். லாவெண்டரைத் தாகத்துல விட்டாத்தான் மணக்கும்னு அவ சொல்லுவா. மத்த பூவெல்லாம் குழந்தை மாதிரி, இது மட்டும் மாமியார் மாதிரி, அடிக்கடி கவனிச்சா கெட்டுப்போயிடும்னு சிரிப்பா."

அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

துப்பறிவாளர் வேரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தாளை மூடினார். அவருடைய உதவியாளரான பெண்ணுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'அவசரம்'. அவள் அதற்குள் குடையோடு வாசலில் நின்றாள்.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. பூட்டுக்காரரின் மகள் கதவைத் திறந்தாள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். அழுது முடித்த முகம். கூடத்து மூலையில் பாதி கட்டிய பெட்டி. தேநீர் கொண்டுவந்தாள்; எல்லோரும் குடித்தார்கள்.

காலிக் கோப்பைகள் இன்னும் மேசையிலேயே இருந்தன. "வந்தவங்களுக்கு ஒரு டீ குடுக்கணும்னு தோணலையா உனக்கு?" என்றார் பூட்டுக்காரர்.

மகள் கோப்பைகளை எடுத்துப் போய், மறுபடி தேநீரோடு வந்தாள். துப்பறிவாளர் அதையும் குடித்தார். ஓசியில் வந்த இரண்டாவது கோப்பை அவசரத்துக்குப் பிடித்தே இருந்தது.

பூட்டுக்காரர் அறையைத் திறந்தார். கட்டில், சுருட்டிய மெத்தை, சுவரில் நீள மூக்குப் பூவாளி. ஒரே ஜன்னல். அதன் வெளிப்பக்கம் நீளமான மரத்தொட்டி. கீழே தெரு, எதிரே வெறும் சுவர். தொட்டியின் ஓரத்தில் கடைசி லாவெண்டர் தலை சாய்ந்து நின்றது.

அவசரம் எட்டி மேலே பார்த்தாள். "சார், மேல்வீட்டு ஜன்னல் நேரா இதுக்கு மேலதான் இருக்கு! அங்கிருந்துதான் ஊத்தியிருக்காங்க. கேஸ் முடிஞ்சுது!"

"இலையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டாள். விரலில் தெருப்புழுதி அப்பியது. மேலிருந்து ஊற்றியிருந்தால் இலை கழுவப்பட்டிருக்கும். துப்பறிவாளர் மண்மேல் பரப்பியிருந்த சரளைக்கல்லை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டார். அன்று வெள்ளிக்கிழமை; வாரம் முழுக்க நல்ல வெயில். ஆனாலும் மண் சேறாக ஒட்டியது. தொட்டியின் உள்விளிம்பில் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. கடைசியாகப் பூவாளியின் மூக்கை அவர் சாய்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். "சார், ஒரு நிமிஷம்," என்று அவரைக் கூடத்துக்கு அழைத்தாள். அவசரமும் பின்னாலேயே போனாள்.

"நான்தான் சார் செஞ்சேன். வெந்நீர் ஊத்தினேன். அப்படியே அவர்கிட்ட சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"வெந்நீர் ஊத்தின இடத்துல பாசி பச்சையா இருக்காதும்மா. உங்ககிட்ட சாவியும் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அம்மா போன கொஞ்ச நாள்லயே. ஒரே நாள்ல ரெண்டு தடவை ஷேவ் பண்ணுவார். பூவாளியில தண்ணி பிடிக்கிற சத்தம் தினமும் கேக்கும். சொன்னா நம்ப மாட்டார் சார். நம்பிட்டா அதைவிடக் கஷ்டம். அந்தச் செடி ஒண்ணுதான் அவருக்கு இருக்கு. அதையும் தானே கொன்னேன்னு தெரிஞ்சா..."

"நாளைக்கு நீங்க போயிட்டீங்கன்னா, அவர் மறந்து எரியவிடற அடுப்பை யாரும்மா அணைக்கிறது?"

அவள் மூலையிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

மூவரும் அறைக்குத் திரும்பினார்கள். பூட்டுக்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா? யாரு?"

"ஐயா, இது விஷம் இல்ல. விஷ மண்ணுல பாசி வளராது. வேர் அழுகினது தண்ணியில. மேலேர்ந்தும் விழல, இலையில புழுதி அப்படியே இருக்கு. யாரோ தண்டை ஒதுக்கி, மூக்கை உள்ள விட்டு, இலை நனையாம ஊத்தியிருக்காங்க. இன்னிக்கும் ஊத்தியிருக்காங்க. வெறுக்கிறவங்க இவ்வளவு பதமா ஊத்த மாட்டாங்க."

"அப்படித்தான் ஊத்தணும்னு அவ எனக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார்.

"உங்க பூட்டை வேற யாராவது திறக்க முடியுமா?"

"முடியாது."

"கள்ளச்சாவி?"

"என் பூட்டுக்கா?" ஒரு கணம் பழைய கர்வம் அவர் முதுகை நிமிர்த்தியது. பிறகு அது மெல்லத் தளர்ந்தது.

தெருவில் ஒரு வண்டி நின்றது, யாரையோ ஏற்றிக்கொண்டு போயிற்று. பூட்டுக்காரர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"ஒவ்வொரு தடவையும் ஞாயித்துக்கிழமைன்னு நெனச்சிருக்கேன்," என்றார்.

எழுந்து போய் மகளின் எதிரே நின்றார். "உனக்குத் தெரியும். இல்ல?"

"அப்பா..."

"மேசையில காலிக் கோப்பை இருந்துச்சே. தெரிஞ்சும் ரெண்டாவது டீ போட்டிருக்க."

சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றினார். நரைமுடி ஒன்று சிக்கியது. இழுத்துவிட்டு அவள் கையில் வைத்தார். "இதை மறுபடி கேப்பேன். நாளைக்கே கேப்பேன். திருடின்னு சொல்லுவேன், கத்துவேன், கெஞ்சுவேன். குடுக்காத."

அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"அந்த ஒண்ணு பொழைக்குமா சார்?"

"வேர்ல எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு தெரியல," என்றார் துப்பறிவாளர். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பூட்டுக்காரர் தலையாட்டினார். எல்லோரும் வெளியே வந்தபின் மகள் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். நகர்ந்து போகப்போன பூட்டுக்காரர், காலமெல்லாம் செய்து பழகியபடி, உள்ளங்கையைக் கதவில் வைத்து அழுத்திப் பார்த்தார்.

அது அசையவில்லை.

"நல்ல பூட்டு," என்றார்.