மிதப்பூர்ப் பள்ளியில் மனவாக்கு

அமில மழை வலுத்தால்தான் மிதப்பூர்ப் பள்ளிக்கு விடுமுறை. சும்மா அமிலத் தூறலுக்கெல்லாம் லீவு கேட்டால் தலைமையாசிரியர் முறைப்பார். வெள்ளிக் கோளின் மேகங்களுக்கு நடுவே, ராட்சதக் காற்றுப்பைகளின் பலத்தில் மிதக்கிற ஊர் அது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய ஜனங்கள். காலுக்குக் கீழே மண்ணே இல்லாமல் மூன்று தலைமுறை பிழைத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளையைப் பெரிய படிப்புப் படிக்கவைக்க வேண்டும் என்ற வெறி மட்டும் அவர்களை விட்டு இறங்கவில்லை.

படிப்பு அங்கே சுலபம்தான். காதுக்குப் பின்னால் ஒரு பாடவில்லையை ஒட்டினால் போதும், அரை மணி நேரத்தில் ஒரு பாடம் மூளையில் ஏறிவிடும். சில பிள்ளைகளுக்குத் தலைகீழாக நின்றாலும் ஏறாது. ‘ஒட்டாப் பிள்ளைகள்’ என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது. அவர்களை உட்காரவைத்து வாயால் சொல்லிக்கொடுக்க ஒரே ஒரு மனித ஆசிரியர் இருந்தார். அந்த வகுப்பை மூடிவிட்டு, அந்த நிதியில் புவித்தேர்வுப் பயிற்சிக்கூடம் கட்டலாம் என்று பள்ளிக்குழு யோசித்துக்கொண்டிருந்தது. புவித்தேர்வில் தேறினால் பூமியில் போய்ப் படிக்க இடம். வகுப்பு போய்விட்டால் ஒட்டாப் பிள்ளைகளுக்கு ஒரே வழிதான்: கவச உடையை மாட்டிக்கொண்டு, ஊரின் வெளித்தோலில் படிகிற அமிலத்தைத் துடைக்கப் போக வேண்டும்.

பொற்கொடிக்கு வயிறு எரிந்தது. காற்றுப்பை ஒட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். பெற்றோர் சார்பில் பள்ளிக்குழு உறுப்பினர். அவள் மகள் இதழினி வகுப்பில் முதலிடம், அதில் குறையில்லை. ஆனால் பக்கத்து வீட்டுச் சகாயமேரியின் மகள் ரெபேக்கா ஒட்டாப் பிள்ளை. பத்து வயதில், போன மாதம்தான், தன் பெயரைத் தானே எழுதிக் காட்டினாள். அன்றைக்குச் சகாயமேரி அழுத அழுகையைப் பொற்கொடி பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளையையா அமிலம் துடைக்க அனுப்புவது? விட்டுவிடுவாளா இவள்!

வகுப்பை மூடும் வரவுசெலவுத் திட்டத்தைக் குழுவில் முதல் தடவை வாசித்தபோதும் எதிர்த்தாள், இரண்டாம் தடவையும் எதிர்த்தாள். தலைவர் தணிகாசலம் கையைத் தூக்குவார். அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே மற்றவர்களும் தூக்குவார்கள். கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவராக அவளிடம் ஒதுங்கி வந்து குசுகுசுப்பார்கள்.

“நீ சொல்லுததுதான் நியாயம் தாயி” என்பார் பூபாலன். “மனசார நான் ஒன் பக்கந்தான். ஆனா அவரு முன்னால எப்படி மாத்தித் தூக்க?”

அப்போதுதான் பொற்கொடிக்கு மனவாக்கியின் நினைப்பு வந்தது. நெற்றியில் கட்டிக்கொள்ளும் பட்டை. கேள்வியைக் கேட்டதும் உள்மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் வாக்கு விழும். யாருடைய வாக்கு என்று தெரியாது. பொய் சொல்லவும் முடியாது.

“கை பொய் சொல்லும் அண்ணாச்சி. கடைசி வாக்கெடுப்பு மனவாக்கியிலதான் நடக்கணும்” என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

தணிகாசலம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ சிரித்தார். “மனசாட்சிப்படியே நடக்கட்டும்மா. எனக்கென்ன?”

ஜெயித்துவிட்டோம் என்றே பொற்கொடி முடிவுகட்டிவிட்டாள். ஒட்டாப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அத்தனை பேரையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். சகாயமேரி முன்வரிசையில் ரெபேக்காவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்து உறுப்பினர்களும் பட்டையைக் கட்டினார்கள். கேள்வி ஒலித்தது. சுவரில் எண்கள் எரிந்தன.

பயிற்சிக்கூடம்: பதினைந்து. ஒட்டாப் பிள்ளைகள் வகுப்பு: பூஜ்யம்.

எல்லோரும் பொற்கொடியைத்தான் பார்த்தார்கள். கருவி பழுது என்று கத்தப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கேள்வி ஒலித்த நொடியில், இதழினி பூமியில் ஏதோ ஒரு தெருவில் செருப்பில் மண் ஒட்ட நடந்து போவது அவள் கண்ணுக்குள் வந்தது. எவ்வளவு அழகாக இருந்தது அது! பாவி மனசு அங்கேயே சாய்ந்துவிட்டது.

“யக்கா, நீயுமா?” என்றாள் சகாயமேரி.

தணிகாசலம் நிதானமாகப் பட்டையை அவிழ்த்தார். “நான் மிரட்டித்தான் கையத் தூக்க வச்சேன்னு நெனச்சியே பொற்கொடி. ஒங்க எல்லாரு மனசுலயும் கெடந்தத நான் வாய்விட்டுச் சொன்னேன், அம்புட்டுத்தான்.”

பொற்கொடிக்கு அவமானமாகப் போயிற்று. பட்டையைப் பிய்த்து எறிந்தாள். பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

“ஆமா மேரி, நானுந்தான்! எம் மனசும் திருட்டு மனசுதான். அதுக்காக ஒம் பிள்ளைய விட்டுருவனா? விதிப்படி தீர்மானத்துக்கு இன்னும் கைவாக்குதான செல்லும்? கைவாக்கு எடுங்க அண்ணாச்சி!”

“கை பொய் சொல்லும்னு நீதானம்மா சொன்ன?”

“சொல்லட்டும்! மனசு இந்த லட்சணத்துல இருக்கையில கையாவது நல்ல பொய்யாச் சொல்லட்டும்.” கையை உயரத் தூக்கினாள். “ஒட்டாப் பிள்ளைக வகுப்பு இருக்கணும். பூபாலண்ணே, மனசார எம் பக்கம்னீங்களே! ரெபேக்கா மொகத்தப் பாத்துக்கிட்டே கையக் கீழ வைங்க, பாப்போம்!”

பூபாலன் ரெபேக்காவைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தது. அவர் கை மேலே போனது. அடுத்தவர் கையும் போனது. உடனே எல்லோருக்கும் ஞானம் பிறந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம், வேறொன்றுமில்லை. கடைசியில் எல்லோர் கண்ணும் தலைவர் மேல் திரும்ப, அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

தூக்கிய கையோடு, கீழே கிடந்த பட்டையைக் காலால் அவள் பக்கம் தள்ளினார். “இப்ப மாட்டிப் பாரேன். மனசு மாறிட்டா?”

“பாக்கவே வேண்டாம் அண்ணாச்சி. அது இன்னும் கூடம் கூடம்னுதான் கத்திக்கிட்டுக் கெடக்கு.” பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கத்தட்டும். கையெல்லாம் எறங்குததுக்குள்ள நீங்க தீர்மானத்த எழுதுங்க.”